புனலூருக்கு 49 கிலோமீட்டர்

போன வருஷம் சாரல் சீசன்ல என் கனடாக்கார நண்பன் செங்கோட்டை ஸ்டேஷன்ல வந்து இறங்கினான். முப்பது வருஷப் பழக்கம். மத்தியான வண்டி, புனலூர்ல ஏறி, பின்னாடி ஒரு இன்ஜின் தள்ள, மலையை முக்கி முனகி ஏறி ரெண்டு மணி நேரத்துக்கு மேல எடுத்து வந்து சேந்துச்சு. தலை நரைச்சிருந்தான், தொப்பை போட்டிருந்தான், ஆனா சிரிப்பு அதே சிரிப்பு. கட்டிப் புடிச்சு முதுகுல ரெண்டு அடி அடிச்சிட்டு அவன் பையை வாங்கறப்ப தான் கவனிச்சேன், அவன் கையில அந்த ஒரு பையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் புனலூர்ல தங்கிட்டு வர்றான், அதுவும் எங்க ரெண்டு பேருக்கும் நண்பனான புனலூரான் வீட்டுல. அந்த வீட்டுல இருந்து எங்க ஊருக்கு ஒரு ஆள் வர்றான்னா ஒரு சக்க வறுத்த பாக்கெட்டாவது, ஒரு காந்தாரி மிளகா ஊறுகா பாட்டிலாவது, ஒண்ணும் இல்லன்னா முத்தத்துல விழுந்த நாலு தேங்காயாவது வரும். இப்ப வெறுங்கை. "எனக்கு ஏதாவது சொல்லி விட்டானா"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு "இல்ல"ன்னான். "ஸ்டேஷன் வரைக்கும் வந்தான், ஏத்தி விட்டான், போயிட்டான்."

அந்த "போயிட்டான்" தான் இந்தக் கட்டுரை. எட்டு ஒம்பது மாசமா மனசுக்குள்ள கிடந்து உறுத்துது. எழுதிப் பாத்தா சரியாகுமான்னு பாக்கறேன், ஆகாதுன்னும் தெரியும்.

யாரு இந்தக் கனடாக்காரன்னு சொல்லிடறேன். 1995ல நான் காலேஜ் ரெண்டாம் வருஷம், என்எஸ்எஸ்ல இருந்தேன். கனடா வேர்ல்ட் யூத்னு ஒரு எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம், 1971ல ழாக் எபேர்னு ஒரு மனுஷன், கனடாவுல பிரெஞ்சு பேசற கியூபெக் மாகாணத்துக்காரர், ஆரம்பிச்சது. (இந்த மனுஷனைப் பத்தி எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், 1986ல அவரே ஆரம்பிச்ச இன்னொரு இளைஞர் திட்டத்தை கவர்ன்மென்ட் நிறுத்தப் போகுதுன்னு 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார், செனட்டரா இருந்துக்கிட்டே. நம்மூர் எம்பி எவனாவது ஒரு வேளை டிபன விடுவானா?) ப்ரோக்ராம் என்னன்னா, அங்க பாதிப் பேர், இங்க பாதிப் பேர், மூணு மாசம் கனடா, மூணு மாசம் இந்தியா. ஒவ்வொரு கனடாப் பையனுக்கும் ஒரு இந்தியப் பையன் ஜோடி, அதுக்குப் பேரு கவுன்டர்பார்ட். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, அங்க ஒரு குடும்பத்தோட, இங்க ஒரு குடும்பத்தோட தங்கணும், ஊருக்கு ஏதாவது வேலை செய்யணும். என் கவுன்டர்பார்ட் தான் இப்ப வந்து இறங்கினவன். கியூபெக்ல சகனே பக்கத்துல இருந்து வந்தவன், பிரெஞ்சு தான் பேசுவான், இங்கிலீஷ் என்னைவிட மோசம். அது எனக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு அப்ப.

புனலூரான் யாருன்னா, அவனும் அதே குரூப்பு. இந்தியாவுல இருந்து போன எங்கள்ல ஒருத்தன்.

எங்க ரெண்டு பேருக்கும் முதல் சந்திப்பு டெல்லியில. புறப்படறதுக்கு முந்தின ட்ரெய்னிங். ஒரு ஹால் நிறைய இந்திப் பேச்சு, நான் ஒரு மூலையில உக்காந்திருக்கேன், இவன் வந்து "எவிடெயா நாடு?"ன்னான். செங்கோட்டைன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தான். "எடா, ஞான் புனலூரா!"ன்னு கத்திட்டு கட்டிப் புடிச்சிட்டான். எங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் ரயில் பாதையில 49 கிலோமீட்டர். 1904ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட மீட்டர் கேஜ் லைன். நான் சின்னப் பிள்ளையில இருந்து அந்தக் குகைக்குள்ள வண்டி போறப்ப ஜன்னல்ல தலைய நீட்டிக் கூவியிருக்கேன், அவன் வருஷா வருஷம் குத்தாலத்துக்கு அதே வண்டியில அதே குகைக்குள்ள கூவிக்கிட்டு வந்திருக்கான். என்னிக்காவது ஒரு நாள் ஒரே பெட்டியில கூவியிருப்போம் தான. ஆனா பழகறதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. அப்ப அது ஜோக்கா இருந்துச்சு.

ஆத்தங்கரை ஊரு

கனடாவுல எங்களைப் போட்ட ஊரு ஹாக்ஸ்பரி. ஒட்டாவா ஆத்தங்கரை. இந்தப் பக்கம் ஒன்டாரியோ, ஆத்துக்கு அந்தப் பக்கம் கியூபெக். கோட்டுக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ் மாகாணம், ஆனா ஊர்ல பேசறது பூராவும் பிரெஞ்சு. எனக்கும் புனலூரானுக்கும் போன ரெண்டாவது நாளே புரிஞ்சிடுச்சு, இது நம்ம ஊருடா. கோடு ஒரு பக்கம் போகும், நாக்கு ஒரு பக்கம் போகும், ஜனங்க பாலத்துல காய்கறி வாங்க போயிட்டு வந்துட்டு இருப்பாங்க.

நாங்க போன நேரம் பாருங்க, 1995 அக்டோபர். கியூபெக் தனி நாடா போகணுமா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு, அக்டோபர் 30. தெருவெல்லாம் அதே பேச்சு. நாங்க தங்கியிருந்த வீட்டுப் பெரியவருக்கு வேண்டாம், ஏன்னா கியூபெக் போயிட்டா ஒன்டாரியோவுல இருக்கற பிரெஞ்சுக்காரன் அநாதை ஆயிடுவான்னு பயம். என் கவுன்டர்பார்ட்டுக்கு போகணும், வெறி. ஒரே மேசையில உக்காந்து ரெண்டு பேரும் சூப் குடிப்பாங்க, ஒரே பாஷையில, ஒத்த வார்த்தை பேசாம. நடுவுல நான், ரொட்டிய எடுத்து அங்கிட்டும் இங்கிட்டும் பாஸ் பண்ணிக்கிட்டு.

வாரத்துல ஒரு நாள் குரூப் பூரா ஒண்ணா உக்காந்து ஏதாவது ஒரு தலைப்பைப் பத்திப் பேசணும். எங்களுக்கு வந்த தலைப்பு எல்லை. நான் எந்திரிச்சு பெருமையா சொன்னேன், எங்க ஊரு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்க்காரன் கையில இருந்துச்சு, அன்னைக்குத் தான் தாய்த் தமிழகத்தோட வந்து சேந்தோம்னு. புனலூரான் எந்திரிச்சான். "தாய்த் தமிழகமா? அது ஞங்ஙளுடெ தாலுக்காயிருந்நு!" சாக்பீஸை எடுத்து போர்டுல மேப்பு போட ஆரம்பிச்சிட்டான், இது ஆரியங்காவு, இது அச்சன்கோவில், இதெல்லாம் செங்கோட்டை தாலுக்கா, கோடு போட்டு ஊரை மட்டும் நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க, காட்டை எங்ககிட்ட விட்டுட்டீங்கன்னு. நீங்க தான்டா காட்டை புடிச்சு வச்சுக்கிட்டீங்கன்னு நான். அரை மணி நேரம் தமிழும் மலையாளமும் கலந்து கத்தறோம், கனடாப் பசங்க வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. கடைசியில ஒரு பொண்ணு கேட்டா, "சரி, யாரு யார்கிட்ட இருந்து பிரிஞ்சீங்க?" எங்க ரெண்டு பேருக்கும் பதில் தெரியல. இதுல கூத்து என்னன்னா, அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நாங்க பேசறது ரெண்டும் ஒரே பாஷைன்னே நெனச்சிட்டு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் பெர்லி பாலத்துல நடந்து போனோம். (அந்தப் பழைய பாலம் இப்ப இல்ல, 1998ல வேற பாலம் கட்டிட்டாங்க.) குளிர்னா அப்படியொரு குளிர், மூக்குல இருந்து வர்றது உதட்டுல உறையுது. நடுப் பாலத்துல நின்னு "அளியா, இதாணு நம்மட கோட்டவாசல்"ன்னான். கோட்டவாசல்னா எங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவுல இருக்கற எல்லை. நீ அங்க நில்லு, நான் இங்க நிக்கறேன்னு ஒருத்தன் ஒன்டாரியோவுலயும் ஒருத்தன் கியூபெக்கிலயும் நின்னு கை குலுக்கிக்கிட்டோம். இருவது வயசு. அந்த வயசுல செய்யற கோமாளித்தனம் எல்லாத்துக்கும் ஒரு பெரிய அர்த்தம் இருக்கற மாதிரி இருக்கும்.

அக்டோபர் 30 ராத்திரி டிவி முன்னால உக்காந்தோம். வேண்டாம்னவங்க 50.58 சதவீதம், வேணும்னவங்க 49.42. மயிரிழை. என் கவுன்டர்பார்ட் கிச்சன்ல போய் நின்னு அழுதான். பெரியவர் டிவிய அணைச்சிட்டு ரொம்ப நேரம் சோபாவுல உக்காந்திருந்தார், ஜெயிச்ச ஆளு மாதிரியே இல்ல. காலைல எந்திரிச்சுப் பாத்தா அவனுக்கு முட்டை பொரிச்சு வச்சிருக்கார், தோள்ல கைய வச்சுக்கிட்டு நிக்கறார். நான் இதைப் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன், எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம்ல என்னடே கத்துக்கிட்டன்னு கேக்கறவங்ககிட்ட. முட்டை பொரிக்கக் கத்துக்கிட்டேன்னு.

அப்புறம் மூணு மாசம் மகாராஷ்டிராவுல ஒரு கிராமம், அது தனிக் கதை, இங்க வேண்டாம்.

யாரு நிக்கறா, யாரு போறா

பிரியறப்ப எல்லாரும் அழுதோம். உயிருள்ள வரைக்கும்னு சத்தியம் பண்ணினோம், ஒருத்தன் நோட்டுல ஒருத்தன் எழுதிக்கிட்டோம். அதுல பாதிப் பேர் பத்து வருஷத்துக்குள்ள காணாமப் போயிட்டாங்க. இதை நான் குறையா சொல்லல. ஏரோகிராம் காலம், ஒரு லெட்டர் போய் பதில் வர ஒண்ணரை மாசம், அதுக்குள்ள கல்யாணம், வேலை, வீடு மாத்தறது. இந்த மாதிரி ப்ரோக்ராம்ல போயிட்டு வந்தவங்க "லைஃப்லாங் ஃப்ரெண்ட்ஷிப்"னு பேசறப்ப எனக்கு எப்பவும் ஒரு சிரிப்பு வரும், ஏன்னா அந்த நட்பு தானா நிக்கறதில்ல, ஒவ்வொரு குரூப்பிலயும் ஒரு ஆளு நிறுத்தி வைக்கிறான். எங்க குரூப்புக்கு நோவா ஸ்கோஷியாக்காரி ஒருத்தி. யாரு வீடு மாத்தினாலும் அவகிட்ட அட்ரஸ் இருக்கும், கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் கார்டு வரும், இமெயில் வந்தப்ப லிஸ்ட் போட்டதும் அவ தான், வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சதும் அவ தான். அவ இல்லன்னா நாங்க எல்லாரும் ஆளுக்கொரு பழைய போட்டோ, அவ்ளோ தான்.

எனக்கும் புனலூரானுக்கும் அந்த லிஸ்டு தேவைப்படல. ரயில் இருந்துச்சு. 1996ல ஊருக்கு வந்த ரெண்டாவது வாரமே அவன் வீட்டுல போய் இறங்கினேன். அவன் அம்மா, அவங்க வழக்கத்துல அம்மச்சி, என்னைப் பாத்ததும் "பாண்டி மோனே வா"ன்னாங்க. அந்த வார்த்தைய வேற எவன் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன், அவங்க சொன்னா மட்டும் என்னமோ பேரு வச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் அந்த வீட்டுல எனக்கு அதான் பேரு. தமிழன் வந்திருக்கான்னு எனக்காக சாம்பார் வைப்பாங்க. என் வாழ்க்கையில நான் சாப்பிட்ட மோசமான சாம்பார் எல்லாம் அந்த வீட்டுல சாப்பிட்டது தான். எனக்கு மீன் கறி தான் வேணும்னு சொல்றதுக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு. சொன்ன அன்னைக்கு சிரிச்சு சிரிச்சு அவங்களுக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

2003ல எங்க அப்பா செத்துப் போனார். ராத்திரி போன் போட்டு சொன்னேன். காலைல முதல் வண்டிக்கு வந்து நிக்கறான், கசங்கின சட்டை, காலைல பல்லு தேச்சானான்னு கூடத் தெரியல. தெருவுல ஆம்பளைங்க எல்லாரும் பெஞ்சுல உக்காந்திருக்காங்க, இவன் எங்க மாமாகிட்ட போய் மெதுவா கேட்டிருக்கான், உங்க வழக்கத்துல நான் என்ன செய்யணும்னு. மாமா ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்திருக்கார். காட்டுக்கு வந்தான், எல்லாரோடயும் குளிச்சான். கிளம்பறப்ப என் பக்கத்துல வந்து ஒரு நிமிஷம் நின்னான், ஒண்ணுமே சொல்லாம திரும்பி விறுவிறுன்னு ஸ்டேஷனைப் பாத்து நடந்துட்டான். துட்டி வீட்டுல வாரேன்னு சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு மாமா சொன்னதை அப்படியே புடிச்சிருக்கான். கியூபெக்காரனும் நோவா ஸ்கோஷியாக்காரியும் மத்தவங்களும் நல்ல நல்ல லெட்டரா எழுதினாங்க, இன்னும் வச்சிருக்கேன். ஆனா அப்பா சாவை நெனச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த முதுகு தான்.

அப்புறம் என்ன ஆச்சு. ஒண்ணும் ஆகல. இதுல அது தான் பிரச்சனையே. சண்டை இல்ல, கடன் இல்ல, மனஸ்தாபம் இல்ல. 2010ல அகல ரயில் பாதை போடறோம்னு மீட்டர் கேஜை நிறுத்தினாங்க, 2018ல தான் முழுசா திறந்தாங்க. எட்டு வருஷம். ரயில் இல்லன்னு நான் சாக்கு சொல்லிக்கிட்டேன், அப்ப பஸ் இல்லையா என்ன, கேரளா பஸ் பாட்டுக்கு ஓடிக்கிட்டுத் தான் இருந்துச்சு. நான் வேலை பாக்கறது மர மில்லுல, கணக்கு எழுதறேன், புனலூர் பக்கத்துல இருந்து ரப்பர் மரம் ஏத்திக்கிட்டு லாரி எங்க கேட்டுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கு. டிரைவர்கிட்ட ஏறி உக்காந்தா ஒண்ணரை மணி நேரத்துல அவன் வீட்டு வாசல்ல இறக்கி விட்டிருப்பான். எப்ப வேணா போகலாம்ல, இந்தா இருக்கற புனலூர் தானன்னு இருந்துட்டேன். அவன் 2014ல என் பொண்ணு சடங்குக்கு வந்தான், அதான் கடைசி.

2015ல எங்க குரூப்போட இருபதாவது வருஷ ரீயூனியன், மான்ட்ரியல்ல. சொசைட்டியில லோன் போட்டுப் போனேன். புனலூரான் வரல, அம்மச்சிக்கு உடம்பு சரியில்லன்னான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு செங்கோட்டையில இருந்து பஸ் ஏறினேன். தென்மலையில ரோடு ரெண்டா பிரியும், நேரா போனா புனலூர், இருவது கிலோமீட்டர் இருக்கும், இடது பக்கம் திரும்பினா குளத்துப்புழை வழியா திருவனந்தபுரம். பஸ் இடது பக்கம் திரும்புச்சு, நானும் திரும்பிட்டேன். மான்ட்ரியல்ல எல்லாரும் ஒரே கலர் டீ ஷர்ட் போட்டு போட்டோ எடுத்தோம், அவனை வீடியோ கால்ல கூப்ட்டோம், எல்லாரும் சேந்து கத்தினோம், அவன் சிரிச்சான். அதை அவன் எப்படி எடுத்துக்கிட்டிருப்பான்னு நான் அப்ப நெனச்சே பாக்கல.

பதினொண்ணாவது மெசேஜ்

2020 ஜூலையில அம்மச்சி இறந்துட்டாங்க. கொரோனா இல்ல, வயசு. புலியறையில செக்போஸ்ட், போலீஸ், இ-பாஸ் இல்லாம ஈ காக்கா நகர முடியாது. இ-பாஸ் போடலாம்னு போனை எடுத்தேன். சாவுன்னா நெருங்கின சொந்தமா இருக்கணும்னாங்க. என்ன உறவுன்னு போடறது? அம்மான்னா பொய், ஃப்ரெண்டோட அம்மான்னா பாஸ் கிடையாது. ரெண்டு நிமிஷம் அந்த ஸ்க்ரீனையே பாத்துட்டு மூடிட்டேன். போன் பண்ணினேன், எடுக்கல. சரி, சாவு வீட்டுல யாரு போன் எடுப்பாங்க. குரூப்ல போய் ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதி ரெண்டு கைகூப்புற பொம்மை போட்டேன். அது மேல கனடாக்காரங்க போட்டிருந்ததும் அதே பொம்மை தான்.

சரி, அன்னைக்குப் போக முடியல, அது நெஜம். ஆனா அதுக்கப்புறம் செக்போஸ்ட் திறந்தாங்க, இ-பாஸ் போச்சு, பஸ் ஓடுச்சு, ரயில் ஓடுச்சு. வருஷா வருஷம் மார்கழி பொறந்தா அச்சன்கோவில் ஐயப்பனுக்கு திருவாபரணப் பெட்டி புனலூர்ல இருந்து கிளம்பி எங்க ஊரு வழியாத் தான் போகுது, ரோட்டோரத்துல நின்னு கும்பிடறேன், சாமி நகையே இந்த மலைய தாண்டி வந்துட்டுப் போகுது. நான் போகல. முதல்ல ஆறு மாசம் நேரமில்ல. அப்புறம் ஒரு வருஷம் ஆயிப் போச்சே, இப்பப் போய் என்னன்னு. அப்புறம் வெக்கம். வெக்கம் வந்த பிறகு போறது இன்னும் கஷ்டம், இது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

இப்ப கனடாக்காரன்கிட்ட வர்றேன். அவன் வந்த அன்னைக்கு ராத்திரி பிரானூர் பார்டர்ல ஒரு கடையில உக்காந்திருக்கோம், பரோட்டாவும் நாட்டுக்கோழியும், வெளிய சாரல், வாசல்ல பாதி வண்டி கேரளா நம்பர். அவன் போன்ல போட்டோ காட்டிக்கிட்டே வர்றான். புனலூர் தொங்கு பாலம், 1877ல கட்டினது, அதுல நின்னு ரெண்டு பேரும். அடுத்த போட்டோ ஒரு கல்லறை. கருப்புக் கல்லு, மலையாள எழுத்து, முன்னாடி ரெண்டு மெழுகுதிரி. "போன உடனே முதல்ல என்னை இங்க தான் கூட்டிட்டுப் போனான்"னான். "நான் ஒண்ணு ஏத்தினேன், இன்னொண்ணு அவன் ஏத்தினான்." கோழிய வாயில வச்சவன் அப்படியே நிறுத்திட்டேன். அம்மச்சி கல்லறை எப்படி இருக்கும்னு அன்னைக்குத் தான் நான் பாக்கறேன், அதுவும் பதிமூணாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த ஒருத்தன் போன்ல. அவங்க சாம்பாரை ஒரு நாளும் சாப்பிடாத ஒருத்தன் போன்ல.

அவன் ஒண்ணும் கேக்கல. நீ போனியான்னு கேக்கல. வெள்ளைக்காரங்க இந்த மாதிரி விஷயத்துல கேக்க மாட்டாங்க, அது மரியாதையா, புரியாததான்னு எனக்கு முப்பது வருஷமா தெரியல. அவன் பாட்டுக்கு அடுத்த போட்டோவுக்குப் போயிட்டான்.

ராத்திரி தூக்கம் வரல. படுத்துக்கிட்டு யோசிச்சப்ப தான் எனக்கு உறைச்சது, நான் என்ன செஞ்சிருக்கேன்னு. தூரத்துல இருக்கறவனோட பழகறதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அவன் வரணும்னு நீ எதிர்பாக்கறதில்ல, நீ வரணும்னு அவன் எதிர்பாக்கறதில்ல, அஞ்சு வருஷம் பேசாம இருந்துட்டு விட்ட இடத்துல இருந்து பேசலாம், ஒரு கார்டு போதும், ஒரு பொம்மை போதும். அந்த ப்ரோக்ராம் எங்களுக்கு அந்த வழக்கத்தை ரொம்ப நல்லாவே கத்துக் கொடுத்துச்சு, அதுல தப்பே இல்ல, அது இல்லன்னா சகனேக்காரன் என் வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்திருக்க மாட்டான். ஆனா பக்கத்துல இருக்கறவனுக்கு அது செல்லாது. நம்மூர்ல கல்யாணத்துக்குப் போகலன்னா கோவிச்சுக்குவான், ஒரு மொய்ய அனுப்பிச் சரி பண்ணலாம். துட்டிக்குப் போகலன்னா கணக்கு முடிஞ்சுது. இவன் என்கிட்ட நம்மூர் வழக்கத்துல நின்னான், கசங்கின சட்டையோட முதல் வண்டியில வந்து நின்னான், நான் அவன்கிட்ட கனடா வழக்கத்துல நின்னுட்டேன். 49 கிலோமீட்டர்ல இருக்கறவனை வெளிநாட்டுக்காரனா ஆக்கி வச்சிருந்தேன். அவனும் சரி, நீ அந்த லிஸ்டுல தான இருக்கன்னு அங்கேயே விட்டுட்டான்.

கனடாக்காரன் ஊருக்குப் போன பிறகு எங்க பெரியம்மைகிட்ட கேட்டேன், எண்பத்தி சொச்சம் வயசு, இந்த விஷயத்துல எல்லாம் சுப்ரீம் கோர்ட்டு. "அஞ்சு வருஷம் கழிச்சு துட்டி கேக்கப் போலாமா பெரியம்மை?" வெத்தலைய மடிச்சுக்கிட்டே என்னை ஏற இறங்கப் பாத்தா. "யாரு செத்தது?" சொன்னேன். "அந்த மலையாளத்துப் பையன் அம்மையா? அவன் உங்க அப்பனுக்கு காட்டு வரைக்கும் வந்தாம்லா? நீ இன்னும் போகலியாலே?" அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதை இங்க எழுத முடியாது. கடைசியில "வெள்ளிக்கிழமை மட்டும் போயிராத"ன்னா. பழம் ஏதாவது வாங்கிட்டுப் போகவான்னு கேட்டேன், தென்காசியில அல்வா வாங்கலாம், இத்தனை வருஷம் கழிச்சுப் போறப்ப எப்படி வெறுங்கையோடன்னு. "துட்டி வீட்டுக்கு எவனாவது பலகாரம் கொண்டு போவானா, கிறுக்குப் பயலே."

சனிக்கிழமை போனேன். விடிகாலை வண்டி. பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள போறப்ப பக்கத்துப் பெட்டியில யாரோ பிள்ளைங்க கூவினாங்க. சொல்லிக்காமத் தான் போனேன், போன் பண்ணிட்டுப் போறது விருந்துக்குப் போற மாதிரி. கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டு வந்தான். லுங்கி, மூக்குக் கண்ணாடி, கையில பேப்பர். என்னைப் பாத்தான், என் கையப் பாத்தான். "இரி"ன்னான்.

உக்காந்தேன். பேச்சு வரல. அவன் பொண்டாட்டி கட்டன் சாயா கொண்டு வந்து வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. உள்ள சுவத்துல அம்மச்சி போட்டோ, சீரியல் பல்பு ஒண்ணு சுத்தி எரியுது. ரொம்ப நேரம் கழிச்சு பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னான், தமிழ்ல, அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "உன்னோட மெசேஜ் பதினொண்ணாவது." எனக்கு முதல்ல புரியல. "அன்னைக்கு எண்ணினேன். வேற என்ன ஜோலி அன்னைக்கு? நோவா ஸ்கோஷியாக்காரி போன் பண்ணி அழுதா. ஒட்டாவாவுல இருந்து ஒருத்தன், முப்பது வருஷத்துல நாலு வார்த்தை பேசாதவன், அவன் ஏழாவது. நீ பதினொண்ணு." போன் பண்ணினேனேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, இ-பாஸ் கதையும் வந்துச்சு, சொல்லல. சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான், 49 கிலோமீட்டரை அஞ்சு வருஷமா எந்த போலீஸ்காரன்டா மறிச்சான்னு. அவனுக்கு அதைக் கேக்கற வேலைய வைக்க வேண்டாம்னு இருந்தேன்.

"அம்மச்சி சோதிச்சு, கேட்டோ," ன்னான். "பாண்டி எந்தா வராத்தது எந்நு. ஞான் பறஞ்ஞு, ட்ரெயின் இல்லல்லோ அம்மச்சின்னு." பாண்டி ஏன் வரலன்னு அம்மச்சி கேட்டிருக்காங்க, என் சாக்கை எனக்கு முன்னாடியே எனக்காக அவன் சொல்லியிருக்கான்.

கல்லறைக்கு நடந்தே போனோம், பக்கம் தான். தீப்பெட்டி நமுத்துப் போச்சு, நாலஞ்சு குச்சி வீணாச்சு, கடைசிக் குச்சியில பத்துச்சு. அவன் ஜெபம் சொன்னான், நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். ரெண்டு பேரும் அழல. வீட்டுக்குத் திரும்பி வந்து முத்தத்துல இருக்கற பைப்புல கால் கழுவினேன், தண்ணிய அவன் தான் திறந்து விட்டான்.

அதுக்கு மேல அங்க எனக்கு வேலை இல்ல. பெரியம்மை சொன்ன மாதிரியே, மாமா இவனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒண்ணும் சொல்லிக்காம எந்திரிச்சேன். செருப்பை மாட்டிக்கிட்டு கேட்டைத் திறந்து திரும்பிப் பாக்காம நடந்தேன். அவனும் எங்கன்னு கேக்கல. நூறடி போயிருப்பேன், பின்னால ஹவாய் செருப்பு சத்தம். சட்டை போட்டுக்கிட்டு பின்னாலயே வர்றான், பத்தடி விட்டு. நானும் நிக்கல, அவனும் பக்கத்துல வரல, அப்படியே ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு கிறுக்கனுங்க மாதிரி முன்னாலயும் பின்னாலயும் நடந்து வந்தோம். ஸ்டேஷன்ல போய்ப் பாத்தா செங்கோட்டை வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. பெஞ்சுல உக்காந்தேன். அவன் கொஞ்ச நேரம் ஓரமா நின்னு டைம் டேபிள் போர்டைப் படிச்சான், மேல இருந்து கீழ வரைக்கும், அப்புறம் வந்து பெஞ்சோட அந்தக் கடைசியில உக்காந்தான்.